பழைய கார் பராமரிப்பு – 9: மங்கிய வர்ணத்துக்கு மெருகு

சென்ற வாரம் காரைக் கழுவும் முறையைப் பற்றிச் சொல்லி முடிக்கும்போது, எவ்வளவு சிரத்தையாகக் கழுவித் துடைத்து நிழலில் நிறுத்தினாலும் பழைய வண்டியின் மேனி ஒளி இழந்து வெளிறிக் கிடப்பதற்குக் காரணம் என்ன, அதைப் போக்குவதற்கு உபாயம் உண்டா என்ற கேள்வியோடு நிறுத்தியிருந்தேன். உபாயம் உண்டு. ஆனால் அதில் இறங்குவதற்கு முன்னால் கார்ச் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய உண்மை ஒன்று இருக்கிறது. கடையில் டப்பாவிலும் புட்டியிலும் கிடைக்கும் பாலிஷ் எதுவும் வெளியிலிருந்து ஒளியைக் கொண்டுவந்து வர்ணத்தின்மேல் பூசுவதில்லை. மேலே கெட்டுப்போயிருக்கும் படலத்தை மிக மிக மெல்லியதாகத் தேய்த்தெடுத்து, அடியில் கெடாமல் இருக்கும் வர்ணத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. தட்டான் பட்டறையில் பழைய வளையலுக்கு மெருகு போட்டுக் கொடுத்தால், பளபளப்பு ஏறிய அளவுக்குப் பொன்னின் எடை சிறிதாவது குறைந்துதான் வரும். காரின் வர்ணமும் அவ்வாறே ஒவ்வொரு மெருகுக்கும் தன்னில் ஒரு பங்கைக் கொடுத்துவிடுகிறது. எனவே, எந்தப் பாலிஷ் அதிகமாகப் பளபளக்கச் செய்யும் என்று விசாரிப்பதைக் காட்டிலும், எந்தப் பாலிஷ் குறைவாகத் தின்று போதிய பொலிவைத் தரும் என்று விசாரிப்பதே புத்திசாலித்தனம்.

இழப்பதற்கு நம் கையில் இருக்கும் முதல் எவ்வளவு என்று கேட்டால், விடை பலருக்கு வியப்பை உண்டாக்கும். இன்றைய தொழிற்சாலைகளிலிருந்து வெளிவரும் காரின் இரும்புத் தகட்டின்மேல், துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், அதற்கும் மேல் நிறம் தரும் பூச்சு, எல்லாவற்றுக்கும் உச்சியில் நிறமே இல்லாமல் தெளிந்திருக்கும் கிளியர் கோட் என்று நான்கு படலங்கள் இருந்தபோதிலும், அத்தனையும் சேர்ந்த கனம் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரையில்தான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். நம்முடைய பாலிஷுக்கு உறவு உச்சியிலுள்ள கிளியர் கோட்டோடு மட்டுமே. அதன் கனம் சுமார் 35 முதல் 50 மைக்ரான். சூரியனின் புறஊதாக் கிரணங்களை உறிஞ்சிக்கொண்டு அடியிலுள்ள நிறத்தைக் காக்கும் ரசாயனங்கள் இந்தப் படலத்தில் கலந்திருப்பதனால், காரின் ஆயுட்காலம் முழுவதிலுமாகத் தேய்த்துக் கழிப்பது ஏழெட்டு மைக்ரானைத் தாண்டலாகாது என்பது பெயிண்ட் தொழிலில் உள்ளவர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் கணக்கு. பளபளப்பில் மோகம் கொண்டு ஆண்டுக்கு இரண்டு முறை யந்திரம் வைத்துக் காம்பவுண்ட் தேய்க்கச் சொல்லும் சொந்தக்காரர்கள், சில ஆண்டுகளில் பானெட்டிலும் கூரையிலும் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிவதைக் கண்டு வெயிலை நொந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். வெயிலும் காரணந்தான், ஆனால் வெயிலுக்கு வழிவிட்டது அந்த அளவற்ற தேய்ப்பு.

பழைய கார்களின் சங்கதி சற்று வேறு. 1980-களில் கிளியர் கோட் பொதுவழக்காகப் பரவுவதற்கு முன், பெரும்பாலான கார்களில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் கலந்திருந்தன. அந்தப் பூச்சு வந்து சேர்ந்த சரித்திரம் சுவையானது. மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில், குதிரை வண்டிகளுக்கு வார்னிஷ் பூசிய பழைய முறையையே காருக்கும் கையாண்டார்கள். ஒரு பூச்சுக் காய்ந்து, அதைத் தேய்த்து, மறு பூச்சு ஏற்றி, அதுவும் காய்ந்து முடிவதற்கு வாரக்கணக்கில் ஆயிற்று. ஃபோர்டு கம்பெனி தன்னுடைய மாடல் டி காரை 1914 முதல் 1925 வரையில் கறுப்பு நிறம் ஒன்றிலேயே விற்றுவந்தது. இந்த நிலையில், அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி நைட்ரோசெல்லுலோஸைக் கொண்டு தயாரித்த டூக்கோ என்னும் லாக்கர், 1924-ஆம் ஆண்டு மாடலாக வந்த ஓக்லண்ட் காரில் நீல நிறமாக ஏறியபோது, வாரங்கள் பிடித்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது. கறுப்பைத் தவிர வேறு வர்ணங்களும் சாமானியர் வாங்கும் கார்களை அடைந்தன. ஆனால் அந்த லாக்கருக்கு ஒரு சுபாவம் உண்டு. ஸ்ப்ரே அடித்துக் காய்ந்தவுடன் அது மங்கலாகவே இருக்கும்; காம்பவுண்ட் வைத்துப் பொறுமையாகத் தேய்த்தால்தான் உள்ளிருக்கும் ஒளி வெளிவரும். 1901-இல் மரச்சாமான்களுக்கு மெருகெண்ணெய் செய்யத் தொடங்கிய மெகுயர்ஸ் போன்ற கம்பெனிகள் பிற்காலத்தில் கார்ப் பாலிஷில் பெயரெடுத்ததற்கும், 1941-இல் சிகாகோவில் பிறந்த டர்டில் வாக்ஸ் போன்றவை வீட்டுக்கு வீடு நுழைந்ததற்கும், அடிக்கடி தேய்த்துப் பேணவேண்டிய அந்தக் காலத்துப் பூச்சுகளின் சுபாவமே பெரிதும் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

நம் தேசத்தில், உத்தரப்பாராவில் 2014 வரையில் உற்பத்தியான அம்பாஸடரும், பம்பாயில் உற்பத்தியான பிரீமியர் பத்மினியும் இன்னும் சில வீடுகளின் போர்ட்டிகோவில் மரியாதையோடு நிற்கின்றன. இவற்றுள் பழைய வண்டிகள் அநேகமாக ஒற்றைப் பூச்சு உடையவை. அவற்றிலும் பல, ஆண்டுகள் செல்லச் செல்ல மறுபூச்சுக் கண்டு, கதவில் ஒரு விதமும் மட்காடில் ஒரு விதமுமாக வர்ணம் தாங்கி நிற்பவை. ஆகையால் பாலிஷ் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் வண்டியைப் பரீட்சை செய்வது முதற் காரியம்.

வெயில் செய்யும் வேலையைப் புரிந்துகொண்டால் பரீட்சை எளிதாகும். வர்ணம் என்பது நிறப்பொடியும் அதைப் பிணைத்து நிறுத்தும் ரெசின் என்னும் பிசினும் சேர்ந்த பதார்த்தம். புறஊதாக் கிரணங்களும் காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்து இந்தப் பிசினை மேற்புறத்திலிருந்து சிறிது சிறிதாகச் சிதைக்கின்றன. பிணைப்புப் போன நிறப்பொடி தனியே நின்று, விரலால் தடவினால் மாவாக ஒட்டிக்கொள்கிறது. சமமாக இருந்த பரப்பு இவ்விதம் கரடாகிவிடுவதனால், முன்பு ஒரே திசையில் திரும்பி நம் முகத்தைக் காட்டிய வெளிச்சம் இப்போது நாலா பக்கமும் சிதறுகிறது. கறுப்பு சாம்பலாகவும் சிவப்பு இளஞ்சிவப்பாகவும் தோன்றுவது இந்தச் சிதறலினால்தான். வெள்ளைக் கார் மங்குவதே இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். வெள்ளை நிறத்தைத் தரும் டைட்டானியம் டையாக்ஸைடு, கிரணம் பட்டால் தன்னைச் சூழ்ந்த பிசினைத் தானே தாக்கக்கூடியது. பழைய வெள்ளை அம்பாஸடரின் கூரையைத் தடவிப் பார்த்தால் கை சுண்ணாம்புபோல் வெளுப்பதை யாரும் காணலாம்.

கதவைத் திறந்து, கதவு வந்து பொருந்தும் உட்சட்டத்தைப் பாருங்கள். வெயில் படாத அந்த இடத்தில் வண்டியின் இயற்கையான நிறம் இருக்கும். பானெட்டில் உள்ள நிறத்துக்கும் அதற்கும் உள்ள தூரமே நாம் கடக்கவேண்டிய தூரம். அடுத்து, நகத்தின் நுனியைக் கீறலின் குறுக்கே மெல்ல இழுத்தால், நகம் தடுக்கி நிற்கிற கீறல் பாலிஷுக்கு வசப்படாது. தடுக்காமல் வழுக்கிப் போவது பெரும்பாலும் வசப்படும். கிளியர் கோட் உரிந்து விளிம்பு தூக்கியிருந்தாலும், பழைய லாக்கர் வெடித்து வரிவரியாகப் பிளந்திருந்தாலும், உலகத்தில் உள்ள எந்தப் பாலிஷும் பயன்படாது. அங்கே மறுபூச்சு ஒன்றே பரிகாரம்.

ஒற்றைப் பூச்சா, கிளியர் கோட்டா என்று கண்டுபிடிக்கும் வித்தையைச் சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு சந்துப் பட்டறையில், கறுப்பு அம்பாஸடர் மார்க் 4 வண்டியில் வேலை செய்துகொண்டிருந்த முதிய பெயிண்டர் ஒருவர் எனக்குக் காட்டிய விதம் மறக்கக்கூடியதன்று. டிக்கியின் கீழ்ப்புறத்தில், வெளியே தெரியாத ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, வெள்ளைப் பனியன் துணியைச் சுட்டுவிரலில் சுற்றி, அதில் பாலிஷை ஒரு மிளகளவு தொட்டு, நாலைந்து தடவை முன்னும் பின்னுமாகத் தேய்த்துவிட்டு, விரலை என் கண்ணுக்கு நேரே நீட்டினார்.

"துணியைப் பாருங்க சார். கறுப்பு ஏறியிருக்கா? அப்போ இது ஒரே கோட்டு வண்டி. துணி கறுக்காம இருந்தா, மேல கிளியர் இருக்குன்னு அர்த்தம்."

"இன்னும் எவ்வளவு கனம் மிச்சம் இருக்கும் மேஸ்திரி?"

"அது கைக்குத் தெரியாது சார், மீட்டர் வெச்சாத்தான் தெரியும். ஆனா விளிம்பைப் பார்த்தா, முன்னால தேச்சவன் எப்படித் தேச்சான்னு சொல்லிடலாம். இங்க பாருங்க."

பானெட்டின் நடுவே எழும்பியிருக்கும் மேட்டின் மீது அவர் விரலை வைத்த இடத்தில், கறுப்பினூடே நூலிழை அகலத்துக்குப் பழுப்புச் சிவப்பாகப் பிரைமர் எட்டிப் பார்த்தது. ஈரமான பெயிண்ட் கூரிய விளிம்புகளை விட்டு வழிந்து விலகும் தன்மையுடையதாதலால் மேடுகளிலும் மடிப்புகளிலும் பூச்சு இயல்பாகவே மெல்லியதாக இருக்கிறது. தேய்ப்பவரின் கை அழுத்தமோ அங்கேதான் குவிகிறது. இரண்டும் சேர்ந்தால் வர்ணம் போய்விடும் என்பதற்கு அந்த ஒரு கோடு போதுமான சாட்சியாக இருந்தது. அவர் அந்த மேட்டின்மேலும், ஹெட்லைட்டைச் சூழ்ந்த வளைவின்மேலும், கதவுகளின் ஓரத்திலும் மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்; கடைசியில் டேப்பை எடுத்து அந்த இடங்களை மட்டும் கையால், அழுத்தாமல், இரண்டே தடவை தடவி முடித்தார். அவர் சொன்ன மீட்டர் இரும்புத் தகட்டின்மேல் வைத்தவுடன் பூச்சின் கனத்தை மைக்ரானில் காட்டும் சிறு கருவி. அது 100, 120 என்று காட்டினால் தொழிற்சாலைப் பூச்சு; 200-ஐத் தாண்டி வெகுவாக ஏறினால் மறுபூச்சு; ஆயிரத்தை நெருங்கினால் உள்ளே பட்டி பார்த்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். கிளியர் கோட் மட்டும் எவ்வளவு என்று இந்தச் சாதாரணக் கருவி பிரித்துச் சொல்லாது, மொத்தத்தைத்தான் சொல்லும்.

இனிக் கடைக்குப் போகலாம். சென்னை ஜி.பி. ரோட்டில் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும் டப்பாக்களைக் கண்டு புதியவர் திகைப்பது இயற்கை. ஆனால் லேபிளின் கவர்ச்சியை ஒதுக்கிவிட்டு உள்ளடக்கத்தை நோக்கினால், எல்லாம் மூன்று ஜாதிக்குள் அடங்கும். தேய்த்தெடுக்கும் வலிமை மிகுந்தது ரப்பிங் காம்பவுண்ட். அதைவிட நுட்பமான தூள் கொண்டு, காம்பவுண்ட் விட்டுச்சென்ற மங்கலைப் போக்குவது பாலிஷ். தேய்க்கும் தூள் ஏதுமின்றி மேலே படர்ந்து காப்பது வாக்ஸ். முதலிரண்டிலும் தேய்க்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது அலுமினியம் ஆக்ஸைடு தூள். தூளின் பருமன்தான் பேதம். இவை தவிர, கிளேஸ் என்று சொல்லப்படும் எண்ணெய்ச்சத்து மிகுந்த திரவம் ஒன்று உண்டு. அது கீறல்களை நீக்காமல் நிரப்பி மறைக்கும். மறைப்பதைக் குற்றமென்று நான் சொல்லமாட்டேன். கனம் குறைந்துபோன வர்ணத்துக்கு அது கருணையான வழி. ஆனால் நிரப்பியதை நீங்கியதென்று எண்ணி ஏமாறக்கூடாது. சில கழுவல்களில் கீறல்கள் மறுபடி தலைகாட்டும். பாலிஷும் வாக்ஸும் ஒரே புட்டியில் என்று விற்பவை, லேசாக மங்கிய வண்டிக்கும் அவகாசமில்லாதவர்களுக்கும் ஏற்றவை. நன்றாகக் கெட்டுப்போன வண்டிக்கு அவை போதா.

லேபிளில் கவனிக்கவேண்டிய சூட்சுமம் இன்னொன்று இருக்கிறது. பழைய முறைக் காம்பவுண்டுகளில் உள்ள தூள் தேய்க்கத் தேய்க்க உடைந்து நுட்பமாகிக்கொண்டே போகும். முதலில் கடுமையாகத் தொடங்கி முடிவில் மென்மையாக முடிவது அதன் விதி. அவசரப்பட்டுப் பாதியில் துடைத்துவிட்டால் கடுமையின் கீறல்கள் மட்டுமே மிஞ்சும். புதிய முறையில் வருபவற்றில் தூள் உடைவதில்லை. முதலிலிருந்து கடைசிவரை ஒரே குணம். அதில் பலனைக் கண்ட இடத்தில் நிறுத்திவிடலாம். எது கையில் இருக்கிறது என்று தெரியாமல் தேய்ப்பவர், நல்ல சரக்கை வாங்கியும் கெட்ட பெயரை அதற்குக் கொடுத்துவிடுவார். மேலும், வண்டியின் ஏதேனும் ஒரு பகுதிக்கு விரைவில் மறுபூச்சுப் போட உத்தேசமிருந்தால், சிலிக்கோன் கலவாத பாலிஷையே வாங்கவேண்டும். தகட்டில் சிலிக்கோன் ஒட்டியிருந்தால், புதிய பெயிண்ட் சமமாகப் படியாமல் சிறு சிறு குழிகளாக விலகிக்கொள்ளும். பட்டறைக்காரர்களுக்கு இதைக் காட்டிலும் பெரிய தலைவலி வேறில்லை.

எந்த வீரியத்தில் தொடங்குவது? எப்போதும் மிக மென்மையானதில்தான். பானெட்டில் ஒன்றரை அடிச் சதுரத்தை டேப்பால் வரையறுத்து, மென்மையான பாலிஷால் தேய்த்துப் பார்க்கவேண்டும். அது போதுமென்று தோன்றினால் வண்டி முழுவதற்கும் அதுவே. போதாதபோது மட்டும், அடுத்த வீரியமுள்ளதற்குப் போகலாம். ஒரு மணி நேரம் இந்தப் பரீட்சையில் கழிந்தாலும் அது வீணான நேரம் ஆகாது. கடைக்காரர் முதலிலேயே காம்பவுண்டை எடுத்து நீட்டுவார். பலன் உடனே தெரியும் சரக்கைக் கொடுப்பதில் அவருக்கு நோக்கம் இருப்பது நியாயமே. நம்முடைய நோக்கமோ வண்டியின் ஆயுள்.

தேய்ப்பதற்கு முன்னால் இன்னொரு காரியம். கழுவிய வண்டியின்மேல் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தால் நெறுநெறுவென்று ஏதோ தட்டுப்படும். ரயில் தண்டவாளங்களிலிருந்தும் பிரேக்கிலிருந்தும் பறக்கும் இரும்புத் துகள், கட்டடங்களின் சிமெண்டுத் தூசி, மரங்களிலிருந்து சொட்டும் பிசின் முதலியவை வர்ணத்தில் பதிந்து, தண்ணீருக்கு அசையாமல் நிற்கின்றன. இவற்றோடு சேர்த்துத் தேய்த்தால் நாமே மணலைப் போட்டு உரைத்தவர்களாவோம். இதற்கென்று ஜப்பானியர் உருவாக்கிய கிளே பார் என்னும் பிசைந்த களிக்கட்டி கிடைக்கிறது. அதை உள்ளங்கையில் தட்டையாக்கி, சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் முன்னும் பின்னும் ஓட்டினால், நெறுநெறுப்புப் படிப்படியாகக் குறைந்து கை வழுக்கும். கட்டியைத் திருப்பிப் பார்த்தால் அதில் பழுப்புப் புள்ளிகள் ஒட்டியிருக்கும்; அந்தப் பக்கத்தை உள்ளே மடித்துப் புதிய முகத்தை வெளியே கொண்டுவர வேண்டும். கை தவறித் தரையில் விழுந்த கட்டியை, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாயினும், குப்பையில் போட்டுவிடுங்கள். சென்னை போன்ற ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் உலர்ந்து வட்டம் வட்டமாக வெள்ளைத் தழும்பு விட்டிருந்தால், தண்ணீர் கலந்து இளக்கிய வினிகரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் போட்டுவைத்து, நன்றாகக் கழுவிய பிறகே மற்ற வேலை.

பல்லாண்டு வெயில் கண்ட ஒற்றைப் பூச்சு வண்டிக்கு, பழைய கார்களில் ஈடுபாடுள்ளவர்கள் கையாளும் விசேஷ முறை ஒன்று உண்டு. வறண்டு கிடக்கும் அந்தப் பூச்சை உடனே தேய்க்காமல், மெகுயர்ஸ் மிரர் கிளேஸ் 7-ஆம் எண் போன்ற எண்ணெய்ச்சத்து நிறைந்த கிளேஸைத் தடிமனாகத் தடவி, இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் துடைத்தெடுத்து, மறுபடியும் ஒருமுறை தடவுகிறார்கள். இவ்விதம் ஊறியபின், தேய்ப்பில் வர்ணம் பொடியாக உதிராமல் வழுவழுப்பாக நகரும். நிறத்திலும் ஓர் ஆழம் தோன்றும். தொழிற்சாலையில் பூசிய முதல் வர்ணத்தோடு இன்னும் நிற்கிற அபூர்வ வண்டிகளுக்கு நான் மனமாரச் சிபாரிசு செய்யும் முறை இதுவே. அந்த வர்ணம் ஒருமுறை போனால் அதே வர்ணத்தை மீண்டும் பெறுதல் அரிது. கிளியர் கோட் போட்ட வண்டிக்கு இந்த முறையால் விசேஷப் பயன் இல்லை.

இனி, தேய்ப்பு. வண்டி நிழலில், தகடு கைக்குக் குளிர்ந்திருக்கவேண்டும். சூடான தகட்டில் பாலிஷ் உடனே உலர்ந்து, தேய்ப்பதற்குப் பதிலாகச் சுரண்டும். ஆதலால் கோடையில் அதிகாலை வேளை உத்தமம். கையால் செய்வதானால் ஸ்பஞ்சு அல்லது நுரைத் திண்டில் நாலு பட்டாணியளவு பாலிஷ் எடுத்துக்கொண்டு, முழங்கை அகலமுள்ள சிறு சதுரத்தில் முதலில் நீளவாக்கிலும் பிறகு குறுக்குவாக்கிலும், ஒவ்வொரு வரியும் முந்தின வரியில் பாதியை மூடும்படி தேய்க்கவேண்டும். பாலிஷ் மெல்லிய, பாதி தெரியும் படலமாக மாறும்போது நிறுத்தி, மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கலாம். பனியன் வேஸ்ட் துணி பட்டறைகளில் மலிவாகக் கிடைத்தாலும் அதன் தையலும் மடிப்பும் கீறக்கூடும் என்பதனால், கடைசித் துடைப்புக்கு அதைத் தவிர்ப்பது நலம். திண்டில் காய்ந்த பாலிஷும் உதிர்ந்த வர்ணமும் சேரச்சேர, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒருமுறை பிரஷால் அதைத் தட்டிச் சுத்தம் செய்துகொள்ளவேண்டும்.

யந்திரத்தில் இரண்டு வகை. ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் பழைய பஃபிங் மெஷின் தேர்ந்தவர்கள் கையில் அற்புதங்கள் செய்யும். பழகாதவர் கையில், ஒரே இடத்தில் சில விநாடிகள் நின்றாலும் சூடேறி வர்ணத்தை எரித்துவிடும். சுழன்றுகொண்டே ஆடவும் செய்கிற டூயல் ஆக்‌ஷன் மெஷின் மெதுவாக வேலை செய்யும். அழுத்தினால் சுழற்சி நின்றுவிடுவதே அதன் பாதுகாப்பு. வீட்டில் செய்துகொள்ள விரும்புகிறவர்கள் இரண்டாவதையே வாங்கவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

செய்து முடித்த இடம் உண்மையிலேயே செம்மைப்பட்டிருக்கிறதா என்பதை நிழலில் அறியமுடியாது. பாலிஷின் எண்ணெய் கீறல்களில் தங்கி அவற்றை மறைத்திருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து தெளித்துத் துடைத்தால் எண்ணெய் அகன்று உண்மை தெரியும். அதன்பின் வண்டியை வெயிலுக்கு நகர்த்தி, பானெட்டில் விழும் சூரியனின் பிரதிபிம்பத்தைச் சாய்வாக நின்று நோக்குங்கள். அதைச் சூழ்ந்து மெல்லிய வட்டங்களாகக் கீறல்கள் தெரியும். தலையை நகர்த்தினால் வட்டங்களும் கூடவே நகரும். கீறல்கள் மெய்யாகவே வட்டமாக இருப்பதில்லை. எல்லாத் திசைகளிலும் தாறுமாறாகக் கிடக்கும் கீறல்களில், வெளிச்சம் வரும் வழிக்குக் குறுக்காக அமைந்தவை மாத்திரம் அந்த வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்புவதனால், எங்கிருந்து பார்த்தாலும் சூரியனைச் சுற்றி வட்டம் போட்டதாகத் தோன்றுகிறது. இவற்றில் பெரும்பாலானவை, தினந்தோறும் காலையில் உலர்ந்த தூசியோடு துணியால் துடைக்கும் பழக்கத்தினால் விளைந்தவை. இருட்டின பிறகு டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தும் இதே பரீட்சையைச் செய்யலாம். வட்டங்கள் அடியோடு மறைந்தே தீரவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கக்கூடாது. பத்தில் ஏழெட்டு மறைந்து, நாலடி தூரத்தில் நின்று பார்த்தால் முகம் தெளிவாகத் தெரிகிற நிலை வந்ததும், மிச்சத்தை அப்படியே விட்டுவிடுவது வர்ணத்துக்குச் செய்கிற தர்மம்.

தேய்த்துத் திறந்த பரப்பை வெறுமனே விடலாகாது. வாக்ஸ்களில் கார்னோபாவுக்குத் தனி ஸ்தானம் உண்டு. பிரேசில் தேசத்தின் வடகிழக்குப் பகுதியில், நீண்ட வறட்சியைத் தாங்கி வளரும் ஒரு பனையினம், தன் ஓலையின் ஈரம் ஆவியாகாதபடி அதன்மேல் சுரந்துகொள்ளும் மெழுகு இது. ஓலைகளை வெட்டி உலர்த்தி அடித்து உதிர்க்கிறார்கள். இயற்கையான மெழுகுகளில் மிகக் கடினமானதும், 82 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல்தான் உருகுவதுமாகிய இது, தனியே தடவமுடியாத அளவுக்குக் கெட்டியாதலால், கரைப்பானும் வேறு மெழுகுகளும் சேர்த்துத்தான் டப்பாவில் வருகிறது. அது தரும் பொலிவில், முக்கியமாகக் கறுப்பு, மரூன் போன்ற அடர்ந்த நிறங்களில், ஒரு கனிந்த ஆழம் இருக்கிறது. ஆனால் நம்முடைய கோடையில் அது சில வாரங்களுக்கு மேல் நிற்காது. பாலிமர் சீலண்டுகள் மாதக்கணக்கில் நிற்கும். தினமும் வெயிலில் நிற்கிற வண்டிக்குச் சீலண்டும், கொட்டகையில் இருந்து விசேஷ நாட்களில் வெளிவரும் வண்டிக்குக் கார்னோபாவும் என்று நான் பிரித்துக்கொள்கிறேன். எதுவானாலும் மிக மெல்லியதாகத் தடவவேண்டும். தடிமனாகத் தடவியது துடைப்பில் வீணாகப் போகிறதேயன்றி அதிக நாள் நிற்பதில்லை. புதிதாக மறுபூச்சுப் போட்ட வண்டிக்கு, உள்ளிருக்கும் கரைப்பான் முழுவதும் வெளியேறும் பொருட்டு, ஒன்று முதல் மூன்று மாதம் வரையில் வாக்ஸ் தடவாமல் இருப்பது வழக்கம்.

மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டுத் துடைத்துப் பளபளப்புக் காட்டும் பழக்கம் இன்னும் பல ஸ்டாண்டுகளில் இருந்துவருகிறது. ஈரம் இருக்கும்வரை ஒளி தெரியும் என்பது மெய். ஆனால் அது உள்ள வாக்ஸையும் கரைத்துக்கொண்டு போவதோடு, மாலைக்குள் ஊரிலுள்ள தூசியையெல்லாம் வரவழைத்து ஒட்டவைத்துக்கொள்ளும். உழைத்துப் பிழைக்கும் ஓட்டுநர்கள் தங்கள் வண்டியின்மேல் வைத்த அன்பினால் செய்வது இது; அந்த அன்புக்கு ஒரு சிறிய வாக்ஸ் டப்பா நீண்ட நாள் துணை செய்யும் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வது நம் கடமை.

ஆயுதபூஜை நெருங்குகிறபோது இன்னொரு விஷயமும் நினைவுக்கு வருகிறது. பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை சாத்தி, எலுமிச்சம்பழம் நசுக்குவது நம் வழிபாட்டின் அங்கம். வைக்கவே கூடாது என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சந்தனம் காய்ந்து இறுகி, குங்குமத்தின் சாயம் வெயிலில் ஊறி, நாட்கணக்கில் அப்படியே விட்ட வண்டிகளில் வட்டத் தழும்புகள் விழுந்து, அவற்றைப் போக்குவதற்கென்றே அந்த இடத்தை ஆழமாகத் தேய்க்கவேண்டி வந்ததைக் கண்டிருக்கிறேன். பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு கோட்டு வாக்ஸ் போட்டுவைத்து, பூஜை முடிந்து வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்ததும், பொட்டைச் சுரண்டாமல், ஈரத் துணியை மேலே போட்டு நனைத்து இளக்கிக் கழுவிவிட்டால் வர்ணத்துக்கு ஒரு குறையும் வராது. கண்ணாடியின்மேல் பொட்டு வைத்தால் இந்தக் கவலையும் இல்லை.

வேலை முடிந்தவுடன், வண்டிக்கென்று வைத்திருக்கும் நோட்டுப் புத்தகத்தில், என்ன தேதி, எந்தச் சரக்கு, எந்தப் பகுதியில் எத்தனை தடவை, மீட்டர் இருந்தால் ஒவ்வொரு தகட்டிலும் முன்னும் பின்னும் என்ன எண் என்பதைக் குறித்துவையுங்கள். வாக்ஸ் எத்தனை முறை போட்டாலும் கேடில்லை. காம்பவுண்டின் பெயர் அந்த நோட்டில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைக்கு மேல் காணக்கூடாது. பழைய வண்டியை விற்கும்போது அந்த நோட்டையும் சாவியோடு சேர்த்து வாங்குகிறவர் கையில் கொடுத்தால், அவர் எவ்வளவு தேய்க்கலாம் என்பது அவருக்கும் தெரியும்.

அடுத்த வாரம் பம்பருக்குப் போவோம். குரோமியப் பூச்சு வர்ணத்தைக் காட்டிலும் மெல்லியது. இங்கே சொன்ன காம்பவுண்ட் எதையும் அதுவரை அதன்மேல் பிரயோகிக்க வேண்டாம்.

(தொடரும்)